கப்பலோடு மூழ்கிய ஸ்பானிய வெள்ளிக் காசுகள்: வாங்குவது முதல் பாதுகாப்பது வரை முழுமையான வழிகாட்டி

முதலில் காசு, அடுத்து கப்பல், கடைசியில் சான்றிதழ். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த வரிசையில்தான் போகிறது. புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அட்டோச்சா என்ற கப்பல் பெயரைக் கேட்டதும் மனம் கரைந்துவிடுகிறது. சான்றிதழில் இருக்கும் கப்பல் படத்தைப் பார்க்கிறார்கள், பணத்தைக் கட்டுகிறார்கள், காசை உற்றுப் பார்ப்பது அதன்பிறகுதான். அப்போது பார்த்து என்ன பயன்?

நண்பர் ஒருவர் 1622 இல் மூழ்கிய அட்டோச்சாவின் காசு என்று ஒரு பதக்கம் வாங்கி வந்து காட்டினார். காசில் இரண்டு தூண்களும் கீழே கடல் அலைகளும் தெளிவாக இருந்தன. அந்த வடிவம் பொட்டோசியில் (இன்றைய பொலிவியாவில் இருந்த ஸ்பானிய நாணயச்சாலை) வழக்கத்துக்கு வந்ததே 1652 இல். கப்பல் மூழ்கி முப்பது ஆண்டு கழித்து அடித்த காசு அந்தக் கப்பலில் எப்படி இருக்கும்? காசை முதலில் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சிறிய காந்தம், மெல்லிய நூல், கண்ணாடிக் குவளை, ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான். தராசு மட்டும் நல்லதாக இருக்கட்டும். கீழே வரும் சோதனைகளில் பாதி அதை நம்பித்தான் நடக்கின்றன.

அடுத்தது, பார்த்துப் பழகிய கண். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய ஏலப் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஒரு கப்பலுக்கு ஐம்பது காசு என்ற கணக்கில் நான்கு கப்பல்களின் படங்களையாவது பார்த்து முடிக்கும்வரை எதையும் வாங்காதீர்கள். ஒரு கப்பலின் காசுகள் எப்படி அரிக்கப்பட்டிருக்கும், எந்த நாணயச்சாலையின் காசுகள் அதில் அதிகம் என்பதெல்லாம் படித்து வருவதில்லை, பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும்.

2. மூன்று குடும்பங்களைப் பிரித்தறியுங்கள்

ஸ்பானிய அமெரிக்காவின் வெள்ளிக் காசுக்கு அலகு ரியால். 8, 4, 2, 1, அரை என்று ஐந்து அளவுகள் அதிகம் கிடைக்கும். எட்டு ரியால் சேர்ந்தது ஒரு பெசோ. பார்த்ததும் எந்தக் குடும்பம் என்று சொல்லத் தெரிந்தால் மற்ற படிகள் எளிது.

முதல் குடும்பம் 'காப்'. வெள்ளிக் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, எடை சரியாக வரும்வரை ஓரத்தை நறுக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தவை இவை. அதனால்தான் வட்டமாக இருப்பதில்லை. எழுத்துகள் பாதி விழுந்தும் விழாமலும் இருக்கும். வடிவம் கோணலாக இருந்தாலும் எடை சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு.

இரண்டாவது, இயந்திரத்தில் அடித்த தூண் காசு. மெக்சிகோவில் 1732 இல் தொடங்கியது. கடலின்மேல் இரண்டு உலக உருண்டைகள், இரு பக்கமும் மகுடம் சூடிய தூண்கள். இது நல்ல வட்டம்.

மூன்றாவது, அரசரின் முகம் உள்ள காசு. 1772 முதல் வருகிறது.

இடையிலிருக்கும் காலத்தில் இரண்டு வகையும் சேர்ந்தே புழங்கின. மெக்சிகோ வட்டக் காசுக்கு மாறிய பிறகும் பொட்டோசியில் 1773 வரை காப் அடித்தார்கள். ஆகவே 'கோணலாக இருக்கிறது, அப்படியானால் 1732க்கு முந்தியது' என்று முடிவு கட்டாதீர்கள்.

3. எடையையும் மாற்றையும் மனப்பாடம் செய்யுங்கள்

எட்டு ரியாலின் சட்டப்படியான எடை 1728 வரை சுமார் 27.5 கிராம், அதற்குப் பின் சுமார் 27.1 கிராம். சிறிய காசுகளுக்கு இதைப் பாதி பாதியாக வகுத்துக்கொள்ளுங்கள். நான்கு ரியால் 13.5 முதல் 13.7 வரை, இரண்டு ரியால் 6.8 அளவில், ஒரு ரியால் 3.4 அளவில்.

மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, 1728 வரை ஆயிரத்துக்கு 930 அளவில் இருந்தது. பிறகு 917 ஆனது, 1772 இல் 903 ஆக இறங்கியது. மீதி செம்பு.

இந்த எண்களை ஏன் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்? விற்பவர் எடையைச் சொன்னதும், கடல் எவ்வளவு வெள்ளியைத் தின்றிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். 22 கிராம் எட்டு ரியால் என்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எடை சொல்ல மறுப்பவரிடம் மேலே பேச வேண்டியதே இல்லை.

ஒரு விதிவிலக்கு. 1640களில் பொட்டோசி நாணயச்சாலையில் மாற்றுக் குறைந்த வெள்ளியில் காசடித்த பெரிய மோசடி அம்பலமானது. 1650 இல் அதற்காக மரண தண்டனையே நடந்தது. பிறகு அந்தக் காலத்துக் காசுகளைக் குறைந்த மதிப்பில் புழங்கவிட்டு, மேலே சிறிய மகுட முத்திரை குத்தினார்கள். 1654 இல் எக்குவடோரின் சந்தூய் கரையருகே மூழ்கிய 'கேப்பித்தானா' கப்பலின் காசுகளில் இந்த முத்திரை அடிக்கடி வரும். அது பிற்காலத்தில் யாரோ கெடுத்தது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேடிப்போகும் அடையாளம் அது.

4. காப் காசைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அவசரப்படாமல் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் சிலுவைப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். சிலுவையின் நுனிகள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். நுனியில் உருண்டைகளும் பூவேலையும் இருந்தால் மெக்சிகோ. நேர்கோடுகளாக முடிந்து, நான்கு கட்டங்களிலும் சிங்கமும் கோட்டையும் இருந்தால் பெரும்பாலும் பொட்டோசி அல்லது லிமா. மற்ற எழுத்தெல்லாம் அழிந்துபோன காசிலும் சிலுவை தப்பியிருக்கும். அதனால்தான் இங்கே தொடங்கச் சொல்கிறேன்.

அடுத்து மறுபக்கம். கேடயம் இருந்தால் அதன் இடப்பக்கம் நாணயச்சாலைக் குறியும் மாற்று பார்த்த அதிகாரியின் எழுத்தும் இருக்கும். வலப்பக்கம் மதிப்பு. எட்டு ரியாலில் ரோமன் எண்ணில் எட்டு. மெக்சிகோவின் குறி, எம் எழுத்தின் தலைமேல் சிறிய ஓ. பொட்டோசிக்கு பி.

கேடயத்துக்குப் பதில் தூண்களும் அலைகளும் இருந்தால் படிப்பது எளிது. மேல் வரியில் நாணயச்சாலை எழுத்து, மதிப்பு, அதிகாரியின் எழுத்து. நடு வரியில் 'பிளஸ் அல்ட்ரா' என்ற லத்தீன் வாசகம் மூன்று துண்டாக. கீழ் வரியில் அதிகாரியின் எழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், நாணயச்சாலை எழுத்து. அதாவது ஒரே தகவலை இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். ஒரு மூலை அடி விழாமல் வெறுமையாக இருந்தாலும் எதிர் மூலை சொல்லிவிடும். பொட்டோசி காசில் ஆண்டு சிலுவையின் அடியிலும், சுற்றியுள்ள வாசகத்திலும்கூட இருக்கும். மூன்று இடத்தையும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

அதிகாரியின் ஒற்றை எழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். வெள்ளி சரியான மாற்றில் இருக்கிறது என்று தன் பெயரால் உறுதி கொடுத்தவர் அவர். யார் எந்த ஆண்டுகளில் பணியில் இருந்தார் என்பது தெரியும் என்பதால், ஆண்டு விழாத காசுக்கும் அந்த எழுத்தே காலத்தைச் சொல்லும். பொட்டோசியில் ஈ எழுத்து என்றால் 1650களிலிருந்து 1670களுக்குள். மெக்சிகோவில் ஜே எழுத்தோடு ஸ்பெயின் அரசர் ஐந்தாம் பிலிப்பின் காப் என்றால், 1715 இல் புளோரிடா கரையில் புயலில் சிதறிய கப்பல் கூட்டத்தின் காலத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஆண்டைப் பற்றி இன்னொன்று. மெக்சிகோ 1607 இலும் பொட்டோசி 1617 இலும்தான் காசில் ஆண்டு போடத் தொடங்கின. 1622 கப்பல்களின் காசுகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டு தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்டு இல்லாததால் போலி என்று பயப்பட வேண்டாம். ஆண்டு தெளிவாக இருந்தால் விலை ஏறுவதும் இதனால்தான்.

5. கடல் விட்டுச்சென்ற தடயத்தைப் பாருங்கள்

உப்புநீரில் கிடக்கும் வெள்ளியின் மேற்பரப்பு, கந்தகத்தோடு சேர்ந்து கறுத்த சல்ஃபைடாகவும், உப்பின் குளோரினோடு சேர்ந்து சாம்பல் நிறக் குளோரைடாகவும் மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் மின்னாற்பகுப்பு முறையில் சுத்தம் செய்து அந்தப் படலம் நீங்கியதும், கீழே குழி குழியான பரப்பு தெரியும். குழிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்பது சகஜம். காசுகள் மூட்டையாகவும் பெட்டியாகவும் இருந்த இடத்தில் வெளியே இருந்தவை அரிபட்டு, உள்ளே இருந்தவை அழகாகத் தப்பிவிடும்.

அலையடிக்கும் ஆழமில்லாத கரையில் கிடந்தவை வேறு மாதிரி. 1715 ஜூலை இறுதியில் புளோரிடாவின் கிழக்குக் கரையில் புயலில் சிதறிய கப்பல்களின் காசுகள் பல, மணலில் உரசி மெல்லிய தகடாக ஆகியிருக்கும். குழி குறைவு, வழவழப்பு அதிகம்.

இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. சுத்தம் செய்யப்பட்ட காசில் ஆழமான குழிகள் தெரிகின்றன, ஆனால் எடை முழுசாக 27.4 கிராம் என்றால் எங்கோ இடிக்கிறது. குழிக்குள் இருந்த வெள்ளி எங்கே போனது? எடை குறைந்திருக்க வேண்டுமே.

எதிர்த் திசையிலும் கவனம் வேண்டும். கடலையே பார்க்காமல், நிலத்தில் கைமாறித் தேய்ந்த காப் காசுகள் ஏராளம். சீரான தேய்மானம், கழுத்தில் மாட்டப் போட்ட பழைய ஓட்டை, குழியில்லாத பரப்பு இதெல்லாம் அவற்றின் அடையாளம். அவை அசல்தான், நல்ல காசுகள்தான். ஆனால் அவற்றுக்குக் கப்பல் விலை கொடுக்கக் கூடாது.

6. போலியை விலக்குங்கள்

இந்தப் படி கப்பலைப் பற்றிப் பேசும் முன்பே முடிய வேண்டும். போலிக் காசுக்கு எந்தக் கப்பல் என்று ஆராய்வது வீண்.

காந்தம் முதலில். ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. ஈயமும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது.

அடுத்தது அடர்த்திச் சோதனை. காசைக் காய்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தராசின்மேல் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுங்கள். காசு 26.90 கிராம், தண்ணீரில் காட்டியது 2.60 கிராம் என்றால் விடை 10.35. மேலே சொன்ன மூன்று மாற்றுக்கும் விடை 10.3 முதல் 10.4 வரை வரவேண்டும். 9க்குக் கீழே போனால் வெள்ளி அல்ல. 11ஐ எட்டினால் உள்ளே ஈயம். நன்றாக அரிபட்ட காசில் சல்ஃபைடும் நுண்ணிய காற்றுக் குமிழும் விடையைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால் தண்ணீரில் விட்டதும் மெல்ல அசைத்துக் குமிழை விரட்டிவிட்டு அளவெடுங்கள்.

அப்புறம் விளிம்பு. அசல் காப் காசின் விளிம்பில் வெட்டிய தடம் தெரியும். சுத்தியல் அடியில் ஓரம் விரிந்து பிளந்த கீறலும் பல காசில் இருக்கும். அச்சில் வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் ராவிய தடம் இருக்கும். வார்ப்பில் எழுத்துகளின் ஓரம் சோப்புக் கட்டியில் எழுதியது போல மழுங்கி நிற்கும். தூண் காசின் விளிம்பில் இலை வேலைப்பாடும், அரசர் முகக் காசின் விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறியும் வரும். விளிம்புப் படம் அனுப்பாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

காப் காசுக்கு மட்டும் பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒவ்வொன்றும் கையால் நறுக்கி, கையால் அடித்தது. ஆகவே இரண்டு காப் காசுகள் அச்சு அசலாக ஒரே வெளிக்கோட்டோடு இருக்கவே முடியாது. நீங்கள் பார்க்கும் காசின் படத்தை இணையத்தில் தேடுங்கள். அதே கோணல், அதே பிளவு, அதே இடத்தில் அதே குழி உள்ள இன்னொரு காசு கிடைத்தால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு. பெரும்பாலும் இரண்டுமே.

கடைசியாக, போலி என்று சொல்ல முடியாத, ஆனால் புதியவர்களை அதிகம் ஏமாற்றும் வகை. அட்டோச்சாவில் கிடைத்த வெள்ளிப் பாளங்களை உருக்கி, அந்த வெள்ளியில் இக்காலத்தில் அடித்த நினைவுக் காசுகள். வெள்ளி உண்மையிலேயே அந்தக் கப்பலுடையது, கூட வரும் சான்றிதழும் உண்மை. ஆனால் காசு நம் காலத்தது. 'அட்டோச்சா வெள்ளியில் செய்தது' என்பதும் 'அட்டோச்சாவில் கிடைத்த காசு' என்பதும் வேறு வேறு. விற்பனைக் குறிப்பை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள்.

7. இப்போது கப்பலோடு பொருத்துங்கள்

கேள்வி ஒன்றுதான். இந்தக் காசு அந்தக் கப்பலில் இருந்திருக்க முடியுமா? கப்பல் மூழ்கிய ஆண்டை எழுதி, அதற்குப் பிந்திய எதுவும் காசில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி விற்பனைக்கு வரும் சில கப்பல்களைச் சொல்கிறேன்.

அட்டோச்சாவும் அதன் கூட்டாளி சாந்தா மர்கரீத்தாவும் 1622 செப்டம்பரில் புளோரிடாவின் தென்கோடித் தீவுகளருகே மூழ்கின. அமெரிக்கப் புதையல் தேடுபவர் மெல் ஃபிஷரின் குழு அட்டோச்சாவின் பெருங்குவியலை 1985 ஜூலை 20 அன்று கண்டெடுத்தது. இங்கே பொட்டோசியின் கேடயக் காப் காசுகள் அதிகம், மெக்சிகோவும் உண்டு. தூணும் அலையும் இருக்கவே கூடாது.

கன்சொலாசியோன், 1681 இல் எக்குவடோரின் சாந்தா கிளாரா தீவில் மோதியது. தூணும் அலையும் உள்ள பொட்டோசி காப் காசுகள் இதில் ஏராளம். லிமா நாணயச்சாலை 1660க்குப் பிறகு மூடிக் கிடந்து 1684 இல்தான் மீண்டும் வேலை தொடங்கியது. ஆகவே 1684க்குப் பிந்திய லிமா காசைக் கன்சொலாசியோன் என்று யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு விஷயம், கப்பலின் பெயர் உறுதியாகும் முன் விற்ற காசுகளின் தாள்களில் தீவின் மறுபெயரான 'இஸ்லா தெ முவெர்தோ' என்று இருக்கும். அதுவும் இதே கப்பல்தான், குழம்ப வேண்டாம்.

1715 கப்பல் கூட்டம்: மெக்சிகோவின் காப் காசுகள்தான் பெரும்பான்மை, 1711 முதல் 1715 வரையிலானவை அதிகம்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களிலும் ஸ்பானிய வெள்ளி நிறைய. 1740 இல் இங்கிலாந்தின் குட்வின் மணல்மேட்டில் மூழ்கிய ரூஸ்வைக், 1743 இல் சில்லித் தீவுகளில் மூழ்கிய ஹாலந்தியா, 1747 இல் தென்னாப்பிரிக்கக் கரையில் மூழ்கிய ரெய்கர்ஸ்டால் ஆகியவை தூண் காசுகளுக்குப் பேர்போனவை. ஆசியாவில் சரக்கு வாங்க அன்று இந்த வெள்ளிதான் தேவைப்பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆர்க்காட்டு ரூபாய் அடித்ததும் இப்படி வந்த வெள்ளியை உருக்கித்தான். நம் கரைக்கு வந்த வெள்ளி பெரும்பாலும் உலைக்குப் போய்விட்டது. அதனால் 'எங்கள் பாட்டனார் பெட்டியில் இருந்த ஸ்பானியக் கப்பல் காசு' என்று உள்ளூரில் யாராவது கொண்டுவந்தால் ஆறாம் படியை இரண்டு தடவை செய்யுங்கள்.

எல் கசாடோர், 1784 இல் மெக்சிகோ வளைகுடாவில் காணாமல் போனது. 1993 இல் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் காசுகள் வந்தபோதுதான் இடம் தெரிந்தது. மூன்றாம் சார்லஸின் முகமும், மெக்சிகோவின் குறியும், எஃப் எஃப் எழுத்துகளும், பெரும்பாலும் 1783 ஆண்டும். முதல் காசு வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். படிக்க எளிது, நிறையக் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. இரண்டாவதாக ஒரு கன்சொலாசியோன் காப். அட்டோச்சாவுக்கு மூன்றாவதாக வாருங்கள், அப்போது கண் பழகியிருக்கும்.

8. சான்றிதழை வாசியுங்கள்

காசு கப்பலுக்குப் பொருந்துகிறது என்றால், அது அங்கிருந்துதான் வந்தது என்று ஆகிவிடாது. வந்திருக்க முடியும், அவ்வளவுதான். மீதியைச் சொல்ல வேண்டியது தாள்.

நல்ல சான்றிதழில் காசின் எண், எடை, நாணயச்சாலை, மதிப்பு, படம் இருக்கும். அட்டோச்சா காசுகளுக்கு மெல் ஃபிஷரின் நிறுவனம் கொடுத்த சான்றிதழில் 1 முதல் 4 வரை தரமும் உண்டு. 1 சிறந்தது, 4 கடுமையாக அரிபட்டது. எடையையும் படத்தையும் கையிலுள்ள காசோடு ஒப்பிடுங்கள். சான்றிதழ் அசலாக இருந்து, காசை மாற்றி வைத்துவிடும் வேலையும் நடக்கிறது. காப் காசின் கோணல் வெளிக்கோடு இங்கே கைரேகை மாதிரி உதவும்.

எழுதிய ஆளின் பெயர் மட்டும் உள்ள, எண்ணோ எடையோ இல்லாத அலங்காரத் தாளுக்கு மதிப்பு கிடையாது. நகைக்கடைத் தாள்கள் பல இப்படித்தான்.

என்ஜிசி போன்ற தர நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறையில் 'ஷிப்ரெக் எஃபெக்ட்' என்று எழுதியிருந்தால், காசு அசல், ஆனால் கடல் பரப்பை மாற்றிவிட்டதால் எண் தரம் கொடுக்கவில்லை என்று பொருள். அதை உயர்ந்த தரம் என்று நினைத்து அதிக விலை கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கப்பல் பெயரும் உறையில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

9. தொடக்கூடாத கப்பல்கள்

1804 இல் போர்ச்சுகல் கரைக்கு அப்பால் வெடித்து மூழ்கிய மெர்செடெஸின் காசுகளை ஓர் அமெரிக்க நிறுவனம் 2007 இல் வெளியே எடுத்தது. சுமார் 5,94,000 காசுகள். ஸ்பெயின் வழக்குத் தொடுத்து வென்று 2012 இல் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. அரசின் போர்க்கப்பல் மூழ்கினாலும் அதன் சொத்து அரசுடையதே என்பது ஸ்பெயினின் வாதம். இன்று மெர்செடெஸ் காசு என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

1708 இல் கார்த்தஹேனா அருகே மூழ்கிய சான் ஹோசேயும் அப்படியே. அது கொலம்பியாவின் பாதுகாப்பில் இருக்கிறது, விற்பனைக்கு எதுவும் வெளியே வரவில்லை. ஆனால் 1733 இல் புளோரிடா தீவுகளருகே மூழ்கிய இன்னொரு சான் ஹோசே உண்டு, அதன் காசுகள் பல பத்தாண்டுகளாக விற்பனையில் இருக்கின்றன. பெயரை மட்டும் கேட்டு முடிவெடுக்காமல் ஆண்டையும் கேளுங்கள்.

நீரடிப் பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 2001 இல் உருவாகி 2009 இல் நடைமுறைக்கு வந்தது. வணிகத்துக்காகக் கப்பல்களைக் கிளறுவதை அது எதிர்க்கிறது. நான் அதற்கு முன்பே வெளியே எடுத்து, பதிவான காசுகளை மட்டும் வாங்குகிறேன். புதிதாகத் தோண்டியதை வாங்கினால் அடுத்த கப்பலைக் கிளற நானே கூலி கொடுப்பதாகிவிடும்.

10. பணம் கட்டும் முன்

ஏலத்தில் நீங்கள் கேட்கும் தொகை இறுதி விலை அல்ல. வாங்குபவர் கமிஷன் 20 சதவீத அளவில் சேரும், அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கம் எல்லாம் அதன்மேல். உச்ச வரம்பைத் தீர்மானிக்கும்போதே இவற்றைக் கழித்துவிடுங்கள்.

பெரிய எட்டு ரியால் வேண்டும் என்ற ஆசையில் முகமே இல்லாத கறுத்த தகட்டை வாங்குகிறார்கள். அதே பணத்துக்கு ஆண்டும் நாணயச்சாலையும் தெளிவாகத் தெரியும் இரண்டு ரியால் கிடைக்கும். என் தேர்வு எப்போதும் இரண்டாவதுதான். படிக்கக் கூடிய காசுதான் ஏழாம் படியைத் தாண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான சிக்கல். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய காசு தொல்பொருள் ஆகும், உரிய அனுமதியின்றி அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது சென்னைக்கு வந்து சேர்ந்தபின் போலி என்று தெரிந்தாலும், அசல்தான் ஆனால் பிடிக்கவில்லை என்றாலும், 'திருப்பி அனுப்பினால் பணம் வாபஸ்' என்ற வாக்குறுதி எளிதில் உதவாது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நம்பகமான நிறுவனம் சோதித்து உறையிட்ட காசை மட்டும் வாங்குவது. இன்னொன்று, அந்த நாட்டிலேயே இருக்கும் உறவினரிடம் அனுப்பச் சொல்லி, எடையும் அடர்த்தியும் பார்த்த பிறகு வரவழைப்பது. சுங்கத்தில் உண்மையான விலையையும் 'சேகரிப்புக்கான பழைய நாணயம்' என்ற விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதிய பார்சல் சிக்கினால் காசும் போகும், காப்பீடும் வராது. வரி எவ்வளவு என்று ஏலத்துக்கு முன்பே ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

11. கைக்கு வந்ததும்

முதல் நாளிலேயே நிறுத்து, இரண்டு பக்கமும் விளிம்பும் படமெடுத்து, சான்றிதழோடு ஒப்பிடுங்கள்.

தேய்க்காதீர்கள். வீட்டு வெள்ளிச் சாமானுக்குத் திருநீறும் புளியும் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. குத்துவிளக்கு அதைத் தாங்கும், 300 ஆண்டு கடலில் கிடந்த காசு தாங்காது. குழிகளின் ஓரத்தில் மீதமிருக்கும் எழுத்து முதல் தேய்ப்பிலேயே போய்விடும். பற்பசை, எலுமிச்சை, அலுமினியத் தாளோடு சோடா உப்பு எதுவும் வேண்டாம். கறுப்பும் சாம்பலும் காசின் வரலாறு, விலையும் அதில்தான் இருக்கிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி உதிர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் உலோகப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பிவிசி உறை நாளடைவில் காசின்மேல் பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கும். மைலார் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, புதிதாகச் செய்த மரப்பெட்டி அருகில் வைக்காதீர்கள், அவற்றிலிருந்து வரும் கந்தகமும் அமில ஆவியும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம்தான் பெரிய எதிரி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள்.

12. நோட்டில் எழுதுங்கள்

ஒரு காசுக்கு ஒரு பக்கம். எடை, அடர்த்தி, படித்த எழுத்துகள், கப்பல், சான்றிதழ் எண், யாரிடம், எந்த ஏலத்தில், எந்தத் தேதியில், என்ன விலைக்கு. சுங்க ரசீதையும் அதே பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் சந்தேகப்பட்ட விஷயத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

காசையும் சான்றிதழையும் தனித்தனி இடத்தில் வைத்து, எது எதற்கு என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். சேகரித்தவர் மறைந்த பிறகு தாள் ஒரு பக்கமும் காசு ஒரு பக்கமும் பிரிந்துபோய், எடைக்கு வெள்ளியாக விற்கப்பட்ட சேகரிப்புகளைப் பார்த்திருக்கிறேன். உறையின்மேலும் அந்தப் பக்க எண்ணை எழுதிவிடுங்கள்.